மானேஜர் இருக்கட்டும், கணக்குப் புத்தகம் எங்கே?

சனிக்கிழமை மாலை. ஆட்டம் முடிந்துவிட்டது. சொந்த ஊர் அணி தோற்றுவிட்டது. மைதானத்தை விட்டு வெளியே வருகிற கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. "மானேஜரைத் துரத்து! யாரை எங்கே நிறுத்துவது என்றே தெரியாத ஆள்!" என்று ஒரு கோஷ்டி கூச்சல் போடுகிறது. "வந்து வருஷம்கூட ஆகவில்லை, அவகாசம் கொடு. நல்ல ஆட்டக்காரன் ஒருவனைக்கூட வாங்கித் தராமல் அவனைத் திட்டி என்ன பயன்?" என்று மறு கோஷ்டி பதில் சொல்கிறது. சண்டை ராத்திரி வரை நடக்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தொடங்குகிறது.

இங்கிலாந்து நாட்டில் எந்த ஆலை நகரத்துக்குப் போனாலும், எந்தத் துறைமுகப் பட்டினத்துக்குப் போனாலும் இந்த வாக்குவாதம் காதில் விழும். அங்கே கால்பந்து மானேஜர் என்றால் ஆலை மானேஜர் மாதிரி அல்ல. ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, பழக்கி, இன்றைக்கு யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்று தீர்மானிக்கிறவர் அவர். ஆகவே வெற்றி வந்தால் மாலை அவர் கழுத்துக்கு. தோல்வி வந்தால் கல்லும் அவர் தலைக்கு.

இந்த வாக்குவாதத்தை நாம் கேலி செய்யவில்லை. வாரம் முழுவதும் உழைத்த மனிதன் தன் ஊர் அணிக்காகத் தொண்டை கட்டக் கத்துவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கூச்சலில் ஒரு கேள்வி அமுங்கிப் போகிறது. கிளப்பின் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? அதில் என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மானேஜரைப் பற்றி மட்டும் சண்டை போட்டால் என்ன கதி நேரும் என்பதற்கு ஒரு நகரத்தின் கதையைச் சொல்கிறோம். அது பஞ்சாலை நகரம். நம் வாசகர்களில் பாதிப்பேருக்கு அது உறவு முறை ஊர் என்றே சொல்லலாம்.

பறக்கும் நாடா பிறந்த சீமை

மான்செஸ்டருக்கு வடக்கே, இர்வெல் ஆற்றங்கரையில் இருக்கிறது பெரி நகரம். 1733ஆம் ஆண்டில் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்து நெசவுத் தொழிலையே புரட்டிப் போட்ட ஜான் கே பிறந்தது அந்த ஊரை ஒட்டித்தான். பருத்தி, கம்பளி, காகிதம் என்று ஆலைகளால் வளர்ந்த ஊர் அது.

கால்பந்தும் அங்கே ஆலையோடு சேர்ந்து வளர்ந்ததுதான். 1850ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளம் தொழிலாளிகளுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்று விதித்தது. அந்தச் சட்டத்தை முதலாளிகள் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர்கள் பல வருஷம் கிளர்ச்சி செய்து வாங்கினார்கள். அப்படிக் கிடைத்த சனிக்கிழமைப் பொழுதில்தான் பந்து உருண்டது. இன்றைக்கும் அங்கே ஆட்டம் தொடங்கும் வழக்கமான நேரம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி. 1888ஆம் ஆண்டில் 12 கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக்கைத் தொடங்கியபோது அவற்றில் பாதி லங்காஷயர் சீமையைச் சேர்ந்தவை.

பெரி கிளப் 1885ஆம் ஆண்டில் பிறந்தது. கிக் லேன் என்ற மைதானம் அதன் வீடு. 1894ஆம் ஆண்டில் லீக்கில் சேர்ந்தது. 1900ஆம் ஆண்டிலும் 1903ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் எப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டாவது தடவை இறுதி ஆட்டத்தில் டெர்பி அணியை ஆறுக்குப் பூஜ்யம் என்று முறியடித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கணக்கை எட்டியவர்கள் இல்லை. 2019ஆம் ஆண்டில்தான் மான்செஸ்டர் சிட்டி அணி அதற்குச் சமமாக வந்தது. அதே 2019ஆம் ஆண்டில் பெரி கிளப்பின் கதை முடிந்தது.

ஒரு பவுனுக்குப் போன கிளப்

கிளப்பைக் கட்டிடத் தொழில் முதலாளி ஒருவர் 2013ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டார். மேல் பிரிவுக்கு ஏற வேண்டும் என்று ஆட்டக்காரர்களுக்குக் கிளப்பின் சக்திக்கு மீறிச் சம்பளம் பேசப்பட்டது. பணத்துக்கு மைதானத்தை அடமானம் வைத்தார்கள். கடனுக்கு மேல் கடன், அதுவும் கொடும் வட்டிக் கடன். மைதானத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தைக்கூடத் துண்டு போட்டு விற்றார்கள். கடைசியில் அவருடைய கட்டிடத் தொழிலே ஆட்டம் கண்டது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளப்பை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போனார். விலை எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு பவுன்!

வாங்கியவரிடம் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கான அத்தாட்சியை லீக் நிர்வாகம் முன்னதாக வாங்கிப் பார்க்கவில்லை. விற்பனை முடிந்த பிறகுதான் கேட்டது. கேட்டும் திருப்தியான பதில் வரவில்லை. பெரி என்ற பெயரில் ஒரு கால்பந்து கிளப் இருப்பதே தமக்குத் தெரியாது என்று அந்த மனிதர் பிற்பாடு ரேடியோவில் தாமே சொன்னார். 1885 முதல் ஓர் ஊர் கட்டிக் காத்த சொத்து, அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர் கைக்குப் போயிற்று.

இப்போது மானேஜர் சங்கதிக்கு வருவோம். அந்தப் பருவத்தில் பெரி அணியின் மானேஜர் ரயன் லோ. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தாரா? செய்தார்! நான்காம் பிரிவில் அணி இரண்டாவது இடம் பிடித்து, 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் மேல் பிரிவுக்கு ஏறியது. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் பாக்கி நின்றபோதே இதைச் சாதித்தார்கள். மானேஜரும் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அவரவர் பங்கைச் செலுத்தினார்கள். அப்படியிருந்தும் கிளப் செத்தது.

ஜூலையில் கடன்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் பேசினார்கள். மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தர வேண்டியது முழுசாக. ஊரில் சரக்குக் கொடுத்தவர்கள் முதலான சாதாரணக் கடன்காரர்களுக்கு நூற்றுக்கு 25. இந்த ஒப்பந்தத்துக்கு அபராதமாக, புதுப் பருவத்தில் ஒரு பந்து உதைக்கும் முன்பே அணிக்கு 12 புள்ளிகள் வெட்டு. ஒரு வெற்றிக்கு மூன்று புள்ளி. கணக்கு எழுதியவன் செய்த தவறுக்கு ஆட்டக்காரன் நான்கு வெற்றிகளை அபராதம் கட்ட வேண்டும்!

பணத்துக்கு வழி காட்டு என்று லீக் கெடு வைத்தது. ஆட்டங்கள் ஒவ்வொன்றாக ஒத்திப் போடப்பட்டன. ஆகஸ்டு 27ஆம் தேதி கடைசிக் கெடு. வாங்க ஆள் வருகிறார்கள் என்று ஒரு சேதி பரவியது. அதைக் கேட்ட ஊர் மக்கள் துடைப்பமும் வாளியுமாக மைதானத்துக்கு ஓடிவந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் நாற்காலிகளைக் கழுவினார்கள், படிகளைப் பெருக்கினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு மைதானம் தயாராக இருக்க வேண்டுமே! பேச்சு முறிந்தது. அன்று இரவே பெரி கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 125 வருஷ உறவு ஒரு ராத்திரியில் அறுந்தது.

மைதானத்தைப் பெருக்கிய அந்த மக்களில் ஒருவருக்காவது கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை இருந்ததா? இல்லை. துடைப்பம் பிடிக்கத்தான் ஊர்; பேனா பிடிக்க வேறொருவர்.

காரியஸ்தரும் மிராசுதாரும்

தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் களத்தில் நிற்பவர் காரியஸ்தர். மரக்காலைக் கையில் பிடித்தவர் அவர், அதட்டுபவர் அவர், கூலியைக் குறைப்பவர் அவர். ஆகவே உழைப்பாளியின் ஆத்திரமெல்லாம் அவர் மேல் பாயும். மிராசுதாரோ பட்டணத்தில் சாய்வு நாற்காலியில் இருப்பார். கூச்சல் அதிகமானால் காரியஸ்தரை மாற்றுவார். புதுக் காரியஸ்தர் வருவார்; மரக்கால் மட்டும் மாறாது.

கால்பந்து மானேஜர் காரியஸ்தரைப் போலக் கொடுமைக்காரர் என்று நாம் சொல்லவில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். ஆனால் முன்னால் நிற்கிற ஆள் அவர். பின்னால் இருக்கிறவருக்கு இது எவ்வளவு சௌகரியம்! ரசிகர்கள் கொதித்தால் மானேஜரை நீக்கிவிடலாம். ஒரு மாதம் கொதிப்பு அடங்கும். கடன் பத்திரமும் அடமானமும் அப்படியே பெட்டியில் இருக்கும்.

கெட்ட மானேஜரே கிடையாது என்று சொன்னால் அது பொய். தவறான ஆட்களைப் பொறுக்கி, வீண் பிடிவாதம் பிடித்து, நல்ல அணியைக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை ரசிகர்கள் விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் கெட்ட மானேஜரால் வரக்கூடிய அதிகபட்ச நஷ்டம், கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது. இறங்கியவர்கள் மறுபடி ஏறலாம். கெட்ட கணக்கால் வரக்கூடிய நஷ்டம் கிளப்பே இல்லாமல் போவது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

நஷ்டம் யார் தலையில்?

தெற்கே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் கதையையும் பாருங்கள். 2008ஆம் ஆண்டில் அந்த ஊர் அணி எப்.ஏ. கோப்பையை வென்றது. ஊரே கொண்டாடியது. இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போயிற்று. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே இந்தக் கதிக்கு ஆளான முதல் கிளப் அதுதான். அந்த ஒரே பருவத்தில் சொந்தக்காரர்கள் மட்டும் நான்கு பேர் மாறினார்கள். அணிக்கு 9 புள்ளிகள் வெட்டு.

ஆனால் அதே பருவத்தில் மானேஜர் அவ்ராம் கிராண்டும் ஆட்டக்காரர்களும் அணியை மறுபடியும் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மைதானத்தில் வெற்றி, ஆபீசில் பூட்டு! நிர்வாகி வந்ததும் முதலில் செய்த வேலை என்ன? 85 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பெயர் பெற்ற ஆட்டக்காரனுக்கு வேறு கிளப் கிடைக்கும். டிக்கட் கொடுத்தவருக்கும் ஆபீசில் கணக்கு எழுதியவருக்கும் எந்த லீக்கில் இடம் கிடைக்கும்? ஆட்டத்தன்று காயம் பட்டவர்களுக்கு முதலுதவி செய்த ஆம்புலன்ஸ் தொண்டர் சங்கத்துக்குக்கூட அந்தக் கிளப் பாக்கி வைத்திருந்தது.

எப்படி வந்தது இந்த நோய்? ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே ஒரு வேலி போட்டிருந்தது. கிளப் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 5 சதவிகிதத்துக்கு மேல் டிவிடெண்டு கூடாது, டைரக்டர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விதி செய்தது. கிளப் என்பது லாபம் கறக்கும் மாடு அல்ல என்பதே அதன் பொருள். டிவிடெண்டு வரம்பைப் பிற்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். டைரக்டர் சம்பளத் தடையும் 1980களின் தொடக்கத்தில் தளர்ந்தது. 1983ஆம் ஆண்டில் லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் ஒரு தாய்க் கம்பெனியை ஏற்படுத்தி, அதன் பங்குகளைப் பங்கு மார்க்கெட்டில் விற்றது. விதி கிளப்புக்குத்தானே, தாய்க் கம்பெனிக்கு இல்லையே! வேலியில் ஓட்டை விழுந்தது. மற்றவர்களும் அந்த வழியே நுழைந்தார்கள்.

1992ஆம் ஆண்டில் பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்தது. டெலிவிஷன் பணம் வெள்ளமாக மேலே பாய்ந்தது. மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எப்படியாவது மேலே ஏறிவிட வேண்டும் என்று இரண்டாம் பிரிவுக் கிளப்புகள் சூதாடத் தொடங்கின. சில வருஷங்களில் அந்தப் பிரிவின் மொத்த வருமானம் 100 பவுன் என்றால் சம்பளச் செலவு மட்டும் 100 பவுனைத் தாண்டிவிட்டது. மிச்சச் செலவுக்கு எங்கே போவது? கடனுக்கு. கடன் கொடுத்தவன் நிறுத்தினால்? திவாலுக்கு. சேவல்கட்டில் ஜெயித்துவிடலாம் என்று நிலத்தை அடமானம் வைக்கிறவனின் கணக்குத்தான் இது. ஒரு வித்தியாசம்: இங்கே சேவலும் நிலமும் ஊருக்குச் சொந்தம், பந்தயம் கட்டுகிறவன் மட்டும் வேறு ஆள்.

ரசிகர்களிடமும் ஒரு வார்த்தை

இதில் ரசிகர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லி அவர்களை முகஸ்துதி செய்ய நாம் தயாரில்லை. முதலாளி பணத்தை அள்ளி வீசிப் பெரிய ஆட்டக்காரனை வாங்கும்போது, "எங்கிருந்து வந்தது இந்தப் பணம்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? "இன்னும் வாங்கு, இன்னும் வாங்கு!" என்ற கோஷம்தான் பெரிதாக எழுகிறது. அளந்து செலவு செய்கிற டைரக்டரைக் கருமி என்று திட்டுகிறோம். கடன் வாங்கி வாணவேடிக்கை விடுகிறவரை வள்ளல் என்கிறோம். வெடி தீர்ந்த பிறகு புகை மட்டும் ஊருக்கு மிச்சம். கசப்பானாலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் விழித்துக்கொண்டவர்களும் ரசிகர்கள்தான். கிளப் செத்த 2019ஆம் ஆண்டு டிசம்பரிலேயே பெரி நகர ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பை நிறுவினார்கள். கீழ்ப்படி லீக்கில், பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடத் தொடங்கினார்கள். 2022ஆம் ஆண்டில், சர்க்கார் நிதியின் உதவியோடு, கிக் லேன் மைதானமே ரசிகர்கள் கைக்கு வந்தது. அதற்குள் ரசிகர்களிடையே இரண்டு சங்கங்கள் உண்டாகியிருந்தன. ஒன்றுக்கு மற்றொன்றின் மேல் சந்தேகம். இணைய வேண்டும் என்ற தீர்மானம் முதல் வாக்கெடுப்பில் தேவையான பலம் கிடைக்காமல் தோற்றது. பேசினார்கள், ஏசினார்கள், மறுபடியும் பேசினார்கள். 2023ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேறியது. கிக் லேனில் மறுபடி பந்து உருண்டது. ஒற்றுமை ஒரே நாளில் வரவில்லை. நம் சங்கங்களில் எத்தனை தடவை பிரிந்து, எத்தனை தடவை கூடியிருக்கிறோம்! அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

போர்ட்ஸ்மவுத்திலும் அப்படியே. 2013ஆம் ஆண்டில் ரசிகர் சங்கம் பணம் திரட்டிக் கிளப்பை வாங்கியது. கடனை அடைத்தார்கள். 2017ஆம் ஆண்டில் அணி நான்காம் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அதே ஆண்டில், மைதானத்தைப் பழுது பார்க்கவும் மேலே ஏறவும் பெரும் பணம் வேண்டும் என்று, ரசிகர்களே வாக்களித்து ஓர் அமெரிக்கப் பணக்காரருக்குக் கிளப்பை விற்றார்கள். இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கிளப் கைக்கு வந்துவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது என்பதல்ல; சுற்றிலும் பணம் ராஜ்யம் செய்யும்போது ஒரு கிளப் மட்டும் தனித்து நிற்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்தத் தடவை கணக்கைப் பார்த்துத் தீர்மானித்தவர்கள் ரசிகர்கள். முன்பு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

தனித்தனியாக நிற்பதை விட நாடு முழுவதற்கும் ஒரு விதி இருப்பது மேல். ஜெர்மனியில் அப்படி ஒரு விதி இருக்கிறது. கிளப்புகள் கம்பெனியாக மாறலாம் என்று 1998ஆம் ஆண்டில் அனுமதித்தபோதே, வாக்குகளில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் அங்கத்தினர்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் விதி நிற்கிறது. அங்கே லீக்கின் வருங்கால வருமானத்தில் வெளி முதலீட்டாளர்களுக்குப் பங்கு கொடுக்கப் பேச்சு நடந்தபோது, ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளையும் சாக்லேட் காசுகளையும் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் லீக் அந்தப் பேச்சைக் கைவிட்டது.

இங்கிலாந்திலும் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் பணக்காரக் கிளப்புகள் சில ஐரோப்பியக் கிளப்புகளோடு சேர்ந்து தனி லீக் காணப் புறப்பட்டன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. அந்தக் கொந்தளிப்பும் பெரி நகரத்தின் கண்ணீரும் சேர்ந்து, 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு சட்டமாயிற்று. கிளப்புகளுக்கு லைசென்ஸ் கொடுக்கவும், சொந்தக்காரராக வருகிறவரின் யோக்கியதையையும் அவர் பணத்தின் மூலத்தையும் சோதிக்கவும் சுதந்திரமான ஓர் அமைப்பை அது ஏற்படுத்தியது.

சட்டம் வந்த மூன்றே மாதத்தில், அந்த அமைப்பு வேரூன்றுவதற்குள், எஃகு நகரமான ஷெபீல்டில் வெட்னஸ்டே கிளப் திவால் நிர்வாகத்துக்குள் விழுந்தது. அந்த ஆண்டில் பல மாதம் சம்பளம் தாமதமாக வந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் 12 புள்ளிகள் வெட்டு. ஆனால் அங்கே ரசிகர்கள் மானேஜரைத் திட்டவில்லை. குற்றவாளி யார் என்று தெரிந்து, சொந்தக்காரருக்குக் காசு போகக் கூடாது என்று ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். அவர் கையிலிருந்து கிளப் போனதும், அதே மக்கள் டிக்கட் வாங்க வரிசையில் நின்றார்கள். பெரி நகரத்தின் பாடத்தை ஷெபீல்டு படித்திருக்கிறது.

நாம் கேட்பது

"இங்கிலாந்துக் கால்பந்துக்கும் எனக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கும் தோழருக்கு ஒரு வார்த்தை. ஆலையில் சம்பளப் பட்டுவாடா தள்ளிப்போகும்போது, "ஸ்பின்னிங் மாஸ்டர் சரியில்லை" என்று பேச்சு கிளம்புமே, கேட்டதில்லையா? இழை அறுவதற்கு மாஸ்டர் காரணமாக இருக்கலாம். சம்பளம் நிற்பதற்கும், பிராவிடண்டு பண்டுப் பணம் கட்டப்படாததற்கும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊருக்குப் பொதுவான குளத்தை ஒருவர் பெயருக்குப் பட்டா போட்டுவிட்டு, மதகு காக்கிறவனோடு சண்டை போட்டு என்ன லாபம்?

ஆகவே அந்த நாட்டு ரசிகர்கள் எழுப்புகிற கோரிக்கைகளை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். கிளப்பின் வரவு செலவுக் கணக்கு ரசிகர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. திவால் வந்தால் புல் வெட்டுகிறவர், சமையற்கட்டில் நிற்கிறவர், டிக்கட் கிழிக்கிறவர் ஆகியோரின் பாக்கி முதலில் தீர வேண்டும். இந்த மூன்றிலும் அநியாயமாக ஒன்றைக்கூட நாம் காணவில்லை.

மானேஜரைப் பற்றிய சண்டை நடக்கட்டும். அது ஆட்டத்தின் ருசி. அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் அடுத்த சனிக்கிழமை சண்டை தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்: இந்த மாதச் சம்பளம் எல்லோருக்கும் கொடுத்தாயிற்றா?